பிங்கள வருஷத்துப் புத்தகம்

பழைய புத்தகத்தின் விலையை அதன் வயது தீர்மானிக்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. படித்தவர்களும் அப்படியே நம்புகிறார்கள் என்பது மிகவும் வருந்தத்தக்கது. வயதுதான் விலை என்றால், சிகாமட் ஆற்றில் கிடக்கும் பாறைகளை அள்ளிப்போக இந்நேரம் சீமையிலிருந்து கப்பல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மை வேறு. பழைய புத்தகத்தின் விலை அதைக் கையில் எடுப்பவனின் முகத்தில் இருக்கிறது. மூக்கு எவ்வளவு விடைக்கிறதோ அவ்வளவு விலை. இந்த நுட்பத்தை எந்த நூலும் சொல்லவில்லை. பேச்சியம்மாளுக்கு மட்டும் தெரியும்.

பேச்சியம்மாள், சிகாமட்டுக்கு ஆறு மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்த சபாபதியின் மனைவி. கிராணி என்பவர் காலையில் ஆட்களின் பேர் கூப்பிட்டுப் பதிவு செய்கிறவர். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி பேனா பிடிக்கிறவர். சபாபதி அதற்கு மேலும் ஒருபடி. அவர் படித்தவர். படித்ததை மறக்காதவர். பிறரையும் மறக்க விடாதவர். தமிழ் வருஷங்கள் அறுபதையும் பிரபவ முதல் அட்சய வரை மூச்சுவிடாமல் சொல்வார். பின்னாலிருந்தும் சொல்வார். யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

கிராணி வீட்டின் கிழக்குப் பக்கம் தகரக் கூரை போட்ட தாழ்வாரம் ஒன்று இருந்தது. ஆறடி அகலம், பதினாறடி நீளம். அதில் ஒரு சாய்வு நாற்காலி, மூன்று தட்டுப் பலகை, நாற்பத்தேழு புத்தகங்கள். சபாபதி அதற்கு வாசகசாலை என்று பெயர் வைத்திருந்தார். வாசகர் ஒருவர்.

அந்தத் தாழ்வாரத்தின்மேல் பேச்சியம்மாளுக்கும் ஒரு கண் உண்டு. அவளுக்கு ஒரு மாடு வேண்டும். மழை விடாத ஊரில் மாடு நனையாமல் நிற்க அந்த வீட்டில் அது ஒன்றுதான் இடம். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவைப் பற்றி அவர்கள் ஐந்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1937ஆம் வருஷம் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் பேச்சு முற்றியது.

"என்னங்க, வண்டிக்காரச் செல்லப்பண்ணன் பொங்கல் கழிச்சு ஆயர் ஈத்தாமுக்கே போயிடறாராம். சிவப்பிய நம்மகிட்டதான் குடுப்பேங்கறாரு."

"நம்மகிட்ட எதுக்கு?"

"பால் கறக்கறதுக்கு. வேற எதுக்கு, பாட்டுப் பாடவா?"

"விலை?"

"அது என் பாடு. வளையலைக் கழட்டிக்கிறேன். உங்க பாடு இடம்தான்."

"இடம் ஏது?"

"தாழ்வாரம்."

"அது வாசகசாலை."

"அது ஒரு ஓரமா நிக்கப்போகுது. உங்க பொஸ்தகத்தை எடுத்துப் படிக்கவா போகுது?"

"படிச்சாப் பரவால்ல. தின்னும்."

"நாப்பத்தேழையும் நீங்க நாலு தடவ படிச்சாச்சு. அதுவாவது புதுசா ஏதாவது செய்யட்டுமே."

சபாபதி நாற்காலியில் சாய்ந்து புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவர் அகராதியில் அதற்குப் பெயர் வெற்றி.

போகி வந்தது. பேச்சியம்மாள் விடியற்காலையிலேயே வீட்டைப் புரட்டிப் போட்டாள். ஓட்டைப் பாய், உடைந்த முறம், பிடி போன அகப்பை எல்லாம் முற்றத்தில், தாழ்வாரத்துக்கு நேர் எதிரே, குவிந்தன. சபாபதி நாற்காலியிலிருந்து அந்தக் குவியலைப் பார்த்தார். உச்சியில் புகையிலை நிறத்தில் என்னவோ இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுந்தார்.

புத்தகம்.

உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. அட்டை இல்லை. தாள்கள் பழுப்பைக் கடந்து, சிவப்பைக் கடந்து, சுருட்டின் நிறத்துக்கு வந்திருந்தன. முதலில் ஒரு வெற்றுத்தாள். அடுத்த தாளில், 'யாத்திரைச் சகுன தீபிகை'. அதன்கீழே, 'பிங்கள வருஷம் ஆனி மாதம் அச்சிற் பதிப்பிக்கப்பட்டது'. இங்கிலீஷ் வருஷம் இருந்திருக்க வேண்டிய மூலையை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. கடைசி ஏழெட்டுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடை மாதிரி இறுகிக் கிடந்தன.

சபாபதி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பிங்களம் ஐம்பத்தொன்றாம் வருஷம். கடைசியாக வந்தது 1917. அதற்கு முன்னால் 1857. அதற்கும் முன்னால் 1797. இது 1917ஆக இருக்குமா? இருபது வருஷத்தில் காகிதம் இந்த நிறத்துக்கு வருமா? வராது. தாம் 1917இல் வாங்கிய அகராதி இன்னும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. ஆகவே 1857. நிரூபணம் ஆயிற்று. மனம் ஒரு தாவுத் தாவி 1797 என்றது. சபாபதி அதை அதட்டினார். மனிதனுக்குப் பேராசை ஆகாது.

ஜொகூர் பாருவில் நாச்சியப்ப செட்டியார் என்று ஒரு பெரியவர் இருந்தார். எழுபது வருஷத்துக்கு முற்பட்ட தமிழ் அச்சுப் புத்தகம் எதுவானாலும் நல்ல விலை தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார். மூவாரில் ஒருவருக்கு ஒரே புத்தகத்துக்கு இருநூறு வெள்ளி கொடுத்தார் என்று கேள்வி. இருநூறு வெள்ளி! பத்திரிகையில் பெயர் வரும். 'கண்டெடுத்தவர் சபாபதி' என்று வரும்.

ஒரே ஒரு சங்கடம். புத்தகம் பேச்சியம்மாளுடையது. அவள் கல்யாணப் பெட்டியில் வந்தது. அம்மா வீட்டிலிருந்து பெண் கொண்டுவந்த பொருளில் புருஷன் கைவைக்கக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து முறை. சபாபதி முறை தெரிந்தவர். ஆகவே அவளுக்குத் தெரியாமல் கைவைப்பதென்று தீர்மானித்தார்.

"என்னங்க அது கையில?"

பேச்சியம்மாள் பின்னால் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. குப்பை."

"குப்பைன்னா போடுங்க. பத்த வைக்கப் போறேன்."

"பொஸ்தகத்தை எரிக்கக் கூடாது. சரஸ்வதி."

"அதுவும் சரிதான். கொண்டாங்க இப்படி. வெள்ளையம்மாக்கா வீட்டுக்கு முறுக்கு மடிச்சுக் குடுக்கணும். தாள் தேடிக்கிட்டிருந்தேன்."

அவள் புத்தகத்தை வாங்கினாள். முதல் வெற்றுத்தாளைப் பிடித்தாள். கிழித்தாள்.

சபாபதி போட்ட சத்தத்தில் ரம்புத்தான் மரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போயின.

"என்னங்க, குளவி கொட்டிருச்சா?"

"ஆமா."

"எங்க?"

"அது... போயிடுச்சு."

"கொட்டுனது போகுமா?"

"குளவி போயிடுச்சு. நீ அந்தப் பொஸ்தகத்தைக் குடு."

பேச்சியம்மாள் கொடுக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்கவும் இல்லை. புருஷனின் மூக்கைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எதுக்கு?"

"சகுனம் பாக்க."

"நீங்களா? போன மாசம் உங்க தலையில பல்லி விழுந்தப்ப, அது பல்லியோட அஜாக்கிரதைன்னு சொன்னீங்க."

"மனுஷன் அபிப்பிராயத்தை மாத்திக்கலாம்."

"பல்லிக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படும்." அவள் அடுத்த தாளை இரண்டு விரலால் தடவினாள். "இது முறுக்குக்கு நல்லாத்தான் இருக்கு. எண்ணெய் உறிஞ்சும்."

"பேச்சி! கிழிக்காத. கேளு. உனக்கு ஒரு சேலை எடுத்துத் தர்றேன்."

"இந்தக் குப்பைக்கா?"

"குப்பைக்குத்தான். உங்க அம்மா வீட்டுக் குப்பை இல்லையா? ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதைன்னு சொன்னீங்க பாருங்க, அது பேச்சு." பேச்சியம்மாள் படியில் உட்கார்ந்தாள். "அம்மா வீட்டுப் பொருளைச் சும்மா கை மாத்தக் கூடாது. பதிலுக்கு ஒண்ணு வாங்கிக்கிட்டுத்தான் குடுக்கணும். சேலை இருக்கு. எனக்குத் தாழ்வாரத்தைக் குடுங்க."

சபாபதி நாற்காலியைப் பார்த்தார். நாற்பத்தேழு புத்தகங்களையும் பார்த்தார். பிறகு மேற்குப் பக்கத்தில் இருநூறு வெள்ளி செலவில், கண்ணாடி ஜன்னலோடு, கதவோடு, எழும்பப் போகும் அறையைப் பார்த்தார். அது இன்னும் இல்லை. ஆனால் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"எடுத்துக்க."

"வாய்ச் சொல்லு வேணாம். நாளைக்கே நீங்க அபிப்பிராயத்தை மாத்திக்குவீங்க. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடு என்று கேட்டால் சபாபதியால் மறுக்க முடியாது. நல்ல காகிதம் எடுத்தார், புது நிப்புப் போட்டார். மேற்படி வீட்டின் கீழ்ப்புறத்தில் உள்ள தாழ்வாரத்தை, கூரை, தூண், தரை, காற்று, வெளிச்சம் சகிதமாக, சகுன தீபிகை என்னும் நூலுக்கு ஈடாக, மேற்படியாள் ஆடு மாடு கட்டிக்கொள்ளும் சர்வ சுதந்தரத்துடன், சந்திர சூரியர் உள்ளவரை அனுபவித்துக்கொள்ளக் கடவது என்று எழுதினார். ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தார். 'சந்திர சூரியர் உள்ளவரை' என்ற இடத்தில் அவருக்கே புல்லரித்தது.

சாட்சிக்குச் செல்லப்பன் வந்தார். பெருவிரலில் மசியைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"இவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்களே கிராணியாரே, தாழ்வாரந்தானா, இல்ல தோட்டமே கை மாறுதா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு செல்லப்பன்."

"இருக்கும் இருக்கும். சிவப்பிக்கு இவ்வளவு மரியாதை நான் செஞ்சதில்ல."

அதன்பிறகு சபாபதியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். பட்டு உறுத்தும் என்று தோன்றியது. எடுத்து மல்லில் சுற்றினார். பெட்டியில் எறும்பு வரும் என்று தோன்றியது. எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். தலையின் பாரம் தாளுக்கு ஆகாதே என்று தோன்றியது. தலையணையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் பாயில் படுத்தார். பொங்கல் பொங்கியது. எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்றபோது அவர் ஒரு விநாடி தாமதமாகச் சொன்னார். மாட்டுப் பொங்கல் அன்று செல்லப்பன் வீட்டில் சிவப்பிக்குக் கொம்பில் மஞ்சள் பூசினார்கள். பேச்சியம்மாள் போய்ப் பொட்டு வைத்துவிட்டு வந்தாள். சபாபதி கவனிக்கவில்லை. 1797ஆகவே இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். துரையிடம் பல்வலி என்று சொல்லியிருந்தார். பேச்சியம்மாளிடமும் பல்வலி என்றே சொல்லியிருந்தார்.

"எந்தப் பல்லு?"

"எல்லாம்."

"அலமாக்! அப்ப ஜொகூர் பாரு வரைக்கும் போகத்தான் வேணும். பாத்துப் போயிட்டு வாங்க."

வாசல்வரை வந்து நின்று, வாயைத் திறக்காமல் சிரித்தாள். ரயிலில் உட்கார்ந்ததும் சபாபதி புத்தகத்தைப் பிரித்து அதைத் தேடினார். இருந்தது. 'புறப்படும் வேளையில் மனையாள் வாய் திறவாது நகைத்தல்: பெருத்த லாபம்.' சபாபதிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. லாபம் யாருக்கு என்று நூல் சொல்லவில்லை.

ஜொகூர் பாரு போய்ச் சேர்வதற்குள் அவர் மூன்று முறை இடம் மாறினார். ஜன்னலோரம் என்றால் கரித்தூள் வந்தது. நடுவில் என்றால் ஒரு குழந்தை புத்தகத்தைப் பார்த்துக் கை நீட்டியது. கதவோரம் நின்றால் புத்தகம் தவறி விழுந்துவிடும் போல் கால் கூசியது. கடைசி ஐம்பது மைலைப் பெட்டியின் நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கடந்தார். நாற்காலிப் பிரியர் ஒருவர் சரித்திரத்துக்காகச் செய்த தியாகம் அது.

நாச்சியப்ப செட்டியார் தமது வட்டிக்கடைக் கிட்டங்கியின் நீண்ட கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு சாய்வு மேசை, பின்னால் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. சபாபதி மல் துணியைப் பிரிக்கப் பிரிக்க, செட்டியார் துணியைப் பார்க்காமல் சபாபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த வருஷம்ங்கிறீங்க?"

"பிங்களம். 1857."

"பிங்களம் அறுபது வருஷத்துக்கு ஒருக்க வருமே?"

"தெரியும். பிரபவ, விபவ, சுக்கில..."

"இருக்கட்டும், இருக்கட்டும். எனக்கும் மனப்பாடம்தான்." செட்டியார் புத்தகத்தை வாங்கி முகர்ந்தார். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். "கடைசிப் பக்கமெல்லாம் ஒட்டியிருக்கே. பிரிச்சுப் பாக்கலையா?"

"பழம்பொருள். கைபடக் கூடாதுன்னு..."

"நல்லது. காப்பி சாப்பிடுங்க. தண்ணி கொதிக்குது, ரெண்டு வேலையும் ஆயிடும்."

காப்பிக்கு வைத்த கெண்டியின் ஆவியில் செட்டியார் புத்தகத்தின் வாலைப் பிடித்தார். இருபது வருஷமாகத் தாள் பிரிக்கிற கை. ஒரு தாள் பெயர்ந்தது. இன்னொரு தாள் பெயர்ந்தது. செட்டியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"மோட்டார் வாகனப் படலம்."

செட்டியார் மேலே படித்தார்.

"வடக்கே டயர்வெடித்தால் வந்துசேர்வார் பந்துக்கள், தெற்கே டயர்வெடித்தால் தேடியபொன் கைவிட்டுப்போம்." செட்டியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கிராணியாரே, 1857ல எந்தத் திசையில டயர் வெடிச்சிருக்கும்?"

சபாபதி தமது படிப்பை எல்லாம் திரட்டினார்.

"நூலாசிரியர் முக்காலமும் உணர்ந்தவரா இருக்கலாம்."

"இருக்கலாம். விலையும் உணர்ந்திருக்காரு. இங்க பாருங்க, கடைசி வரியில. அணா நாலு."

சபாபதி பார்த்தார். நாலுதான்.

"இதுக்கு என்ன குடுத்து வாங்குனீங்க?" என்று செட்டியார் பரிவோடு கேட்டார்.

"ஒரு தாழ்வாரம்."

செட்டியார் புத்தகத்தை மல்லில் திரும்பச் சுற்றினார்.

"அகலமான தாழ்வாரமா?"

"ஆறுக்குப் பதினாறு."

"ம்ம். இன்னொரு காப்பி சாப்பிடுங்க."

அன்று இரவு கிட்டங்கியிலேயே படுத்திருந்துவிட்டு, மறுநாள் நடுப்பகலுக்குச் சபாபதி வீடு திரும்பினார். வழியெல்லாம் ஒரு வாதத்தைத் தயாரித்துக்கொண்டு வந்தார். அது நல்ல வாதம். மூன்று பிரிவு கொண்டது. முற்றத்தில் கால் வைத்தபோது தாழ்வாரத்திலிருந்து சிவப்பி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. நாற்காலி கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. நாற்பத்தேழு புத்தகங்களும் சமையலறையில் புளிப் பானைக்கு மேலே ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"பல்லு எப்படி இருக்கு?" என்றாள் பேச்சியம்மாள்.

"பேச்சி, அந்த எழுத்து செல்லாது."

"ஏன்? சந்திரன் சூரியன் ரெண்டும் மேல இருக்கே."

"பொருளோட வயசு தப்பாப் போச்சு."

"வயசு நான் சொன்னேனா?"

"இல்ல."

"அப்ப யாரு சொன்னது?"

"நான்தான். மனசுக்குள்ள."

"என்கிட்ட வாய் திறந்து என்ன சொன்னீங்க?"

"குப்பைன்னு."

"குப்பைதானே? குப்பைன்னு தெரிஞ்சு எழுதிக் குடுத்தீங்க, குப்பையாத்தானே இருக்கு? எங்கங்க தப்பு?"

மூன்று பிரிவுகளில் எதுவும் இதற்கு உதவவில்லை. சபாபதி கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது 1917ஆம் வருஷத்துப் பொஸ்தகம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? எனக்கு அப்பப் பத்து வயசு. எங்க மாமா அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்கிற வேலை பாத்தாரு. அச்சான தாளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்து போடுவாரு. நானும் என் தங்கச்சியும் உக்காந்து மடிச்சோம். கோணலா மடிச்சது ஒண்ணை எனக்கே குடுத்துட்டாங்க. டயர்னா என்னன்னு அப்பத் தெரியாது. மாமாவைக் கேட்டேன். அவருக்கும் தெரியாது."

"பின்ன அந்த நிறம்?"

"இருபத்தாறுல வெள்ளம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? உங்க பொஸ்தகத்தையெல்லாம் தலையில கட்டித் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போனீங்க. என் பெட்டி மூணு நாள் சேத்துத் தண்ணியில கெடந்துச்சு. பெறகு எடுத்து அடுப்புக்கு மேல காயப் போட்டேன். பத்து வருஷமாக் காயுது."

சபாபதிக்கு ஞாபகம் இருந்தது. படித்ததை மட்டுமல்ல, வேறு சிலவற்றையும் மறக்க முடியாமல் இருப்பது ஒரு கஷ்டம். கூண்டிலிருந்த சேவலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்படிப்பட்டதைத் தூக்கிக் குவியலுக்கு உச்சியில எதுக்கு வச்ச?"

பேச்சியம்மாள் வைக்கோலை உதறிச் சிவப்பிக்கு முன்னால் போட்டாள்.

"அடியில வச்சிருந்தா உங்க கண்ணுல பட்டிருக்குமா?"

மறு மாதம் முதல், காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடுவதற்கு அரைமணி முன்னதாக, கிராணி சபாபதி துரை பங்களாவின் பின்வாசலில் இரண்டு போத்தல் பால் வைத்துவிட்டு வந்தார்.